டென் ஹாக் போயாச்சு, அடுத்தது யார்? பெயர் மட்டும் போடாதீங்க, காரணத்தோட வாங்க

ஈசூன் 442
திங்கள், 28 அக்டோபர் 2024, இரவு 9.10

ஒருவழியா மான்செஸ்டர் யுனைடெட் (மேன்யூ) மேனேஜர் டென் ஹாக்கை அனுப்பிட்டாங்க. நேத்து வெஸ்ட் ஹாம்கிட்ட 2-1 தோத்ததோட கணக்கு இப்படி நிக்குது: 9 ஆட்டம், 3 வெற்றி, 11 புள்ளி, 14வது இடம். அடிச்சது 8 கோல், வாங்கினது 11. யூரோப்பா லீக்ல டுவென்டே, போர்ட்டோ, ஃபெனர்பாச்சே மூணு பேர்கிட்டயும் டிரா. போன சீசன் 8வது இடம், கோல் வித்தியாசம் மைனஸ் 1. எஃப்ஏ கோப்பை இறுதியில மான்செஸ்டர் சிட்டியை ஜெயிச்சதும் ஜூலையில ஒப்பந்தத்தை 2026 வரைக்கும் நீட்டினாங்க, அக்டோபர்ல கதவைக் காட்டிட்டாங்க. அந்தக் கூத்தை வேற இழையில வெச்சுக்கலாம்.

இங்க கேள்வி ஒண்ணுதான். அடுத்த மேனேஜர் யார்? ஸ்போர்ட்டிங் லிஸ்பனோட அமொரிமா, பிரென்ட்ஃபோர்டோட தாமஸ் ஃபிராங்கா, சவுத்கேட்டா, ஷாவியா, பாட்டரா, இல்ல இப்ப தற்காலிகமாப் பார்த்துக்கிற ரூட் வான் நிஸ்டல்ரோயையே வெச்சு ஓட்டலாமா? ஒரே ஒரு நிபந்தனை. ஜனவரிக்கு முன்னாடி ஒரு ஆளைக்கூட வாங்க முடியாது. கையில இருக்கிற ஆளுங்களை வெச்சு யாரால ஓட்ட முடியும்னு சொல்லுங்க. "மேன்யூ டிஎன்ஏ", "பெரிய கிளப் பார்த்த ஆள்" இதெல்லாம் வேணாம் லா, பத்து வருஷமா கேட்டாச்சு.

(வியாழன் தீபாவளி. லெஸ்டரோட லீக் கோப்பை ஆட்டம் நம்ம சிங்கப்பூர் நேரத்துக்கு விடிகாலை 3.45. இங்கிலாந்துல கடிகாரத்தை மாத்திட்டாங்க, இனி 8 மணி நேர வித்தியாசம். எண்ணெய் தேய்ச்சு ஊற வைக்கிற நேரத்துக்குச் சரியா இருக்கும்.)


செங்காங் ஸ்வீப்பர்
திங்கள், இரவு 9.48

வைத்தியரைத் தேடுறதுக்கு முன்னாடி நோய் எங்கன்னு பாருங்க. எல்லாரும் "கோல் வரல, கோல் வரல"ங்கிறாங்க. நோய் நடுக்களத்துல இருக்கு.

டென் ஹாக்கோட 4-2-3-1 அமைப்புல (ஆளுங்க நிக்கிற வரிசை, பின்னாடியிலேர்ந்து எண்ணணும்) முன்னாடி இருக்கிற நாலு பேரும் எதிரணி டிஃபென்டர் மேல ஏறிப் போய் அழுத்துவாங்க. பின்னாடி இருக்கிற நாலு பேரு முதுகுக்குப் பின்னாடி பந்து போயிடுமோன்னு இறங்கி நிப்பாங்க. நடுவுல மிச்சம் ரெண்டே பேரு. அந்த ரெண்டு பேருக்கும் ஒரு பாடாங் மைதானம் அளவு இடம். முதல் அழுத்தத்தை ஒரு பாஸ்ல தாண்டிட்டா, எதிரணி நேரா நம்ம பின்வரிசை முன்னாடி வந்து நிக்கும். போன சீசன் லீக்ல ஒரு ஆட்டத்துக்குச் சராசரியா 17க்கு மேல ஷாட் வாங்கினதுக்கு இதுதான் காரணம்.

ஒரே ஒரு கோலைத் திரும்பப் போட்டுப் பாருங்க. செப்டம்பர் 29, டோட்டன்ஹாம், 3வது நிமிஷம். வான் டி வென் தன் பாதியிலயே பந்தைப் பறிக்கிறான். பறிச்சவன் ஒரு சென்டர் பேக் (நடு டிஃபென்டர்)! அங்கிருந்து நம்ம பெட்டி வரைக்கும் தனியா ஓடி, இடது ஓரத்துலேர்ந்து குறுக்கே விடுறான், தூரத்துத் தூண்கிட்ட ஜான்சன் தட்டி விடுறான். வழியில ஒருத்தன்கூட அவன் மேல சரியா மோதல. அவங்க சோம்பேறிங்கன்னு சொல்லலாம், ஆனா அமைப்பைப் பாருங்க: மோத வேண்டிய இடத்துல நிக்க வேண்டிய ஆளே கிடையாது. செப்டம்பர் 1 லிவர்பூல் ஆட்டத்துல கசேமிரோ ரெண்டு தடவை பந்தை விட்டான், ரெண்டுமே டியாஸ் கோல். பாதி ஆட்டத்தோட அவனை எடுத்தாங்க. எல்லாரும் 32 வயசுக்காரனைத் திட்டினாங்க. அவனைச் சுத்தி 20 மீட்டருக்கு ஒரு சிவப்புச் சட்டை இல்லைங்கிறதை யாரும் பார்க்கல.

அதனால வர்ற ஆளு ரெண்டுல ஒண்ணைச் செய்யணும். அழுத்தினா பின்வரிசையையும் சேர்த்து மேல ஏத்தணும். ஏத்தப் பயமா இருந்தா முன்வரிசையைக் கீழ இறக்கிக் கச்சிதமா நிக்க வைக்கணும். முன்னாடி ஒரு டீம், பின்னாடி ஒரு டீம்னு ஆடினா ஃபெர்குசனே திரும்பி வந்தாலும் தேறாது.

கோல் விஷயத்துல மேனேஜரை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. நேத்து கோலியையும் தாண்டிப் போய், காலி கோலுக்கு மேல டாலோ தூக்கி அடிச்சானே, அதுக்கு எந்தப் பயிற்சி கொடுக்கிறது?


பிடோக் பேக்-த்ரீ
திங்கள், இரவு 10.35

செங்காங் அண்ணன் சொன்ன நோய்க்கு மருந்து அமொரிம்தான். பேர் புதுசா இருக்குன்னு சொல்லல, அமைப்பைப் பார்த்துச் சொல்றேன்.

ஸ்போர்ட்டிங் 3-4-3. பந்து கையில இருக்கும்போது பின்னாடி மூணு சென்டர் பேக், அவங்க முன்னாடி ரெண்டு மிட்ஃபீல்டர். ஆக பந்து பறிபோற நொடியில அஞ்சு பேரு ஏற்கனவே நடுவுல நிக்கிறாங்க. நம்ம ஆளுங்க மாதிரி திரும்பி ஓடத் தேவையில்ல, முன்னாடி வந்து மோதினா போதும். பந்து இல்லாதபோது ரெண்டு விங்-பேக்கும் (ஓரத்துல மேலயும் கீழயும் ஓடறவங்க) இறங்கி 5-4-1. அகலம் முழுக்க விங்-பேக் பொறுப்பு. முன்னாடி ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால ரெண்டு பத்தாம் நம்பர், எதிரணியோட ஃபுல் பேக்குக்கும் (ஓர டிஃபென்டர்) சென்டர் பேக்குக்கும் இடையில இருக்கிற சந்துல நிப்பாங்க.

இதுக்கு நம்மகிட்ட ஆள் இருக்கு. மார்ட்டினெஸ் இடது காலன், உயரம் 175 செ.மீ. ரெண்டு பேர் ஆடுற பின்வரிசையில உயரமான ஸ்ட்ரைக்கர் அவன் மேல வந்து ஏறிக்கிறான். மூணு பேர்ல இடது பக்கம் போட்டா அந்தச் சண்டை டி லிக்ட்டுக்கோ மெக்வாயருக்கோ போயிடும், மார்ட்டினெஸ் பந்தைத் தூக்கிட்டு முன்னாடி வரலாம். உகார்த்தே ஸ்போர்ட்டிங்ல இதே ஆள்கிட்ட 2021லேர்ந்து 2023 வரைக்கும் இதே இடத்துல ஆடினவன். பின்னாடி மூணு பேர் காவல் இருந்தா அவன் பாஞ்சு பறிக்கிறது பலம், காவல் இல்லேன்னா அதே பாய்ச்சல் ஓட்டை. ப்ரூனோவுக்கும் மவுண்ட்டுக்கும் அமாட்டுக்கும் அந்தப் பத்தாம் நம்பர் சந்து தானாப் பொருந்தும்.

சாதனையும் சும்மா இல்ல. 2020-21ல போர்ச்சுகல் லீக் பட்டம், ஸ்போர்ட்டிங்குக்கு 19 வருஷம் கழிச்சு. 2023-24ல 90 புள்ளியோட மறுபடி. இந்த சீசன் 9 ஆட்டமும் வெற்றி. கோவென்ட்ரியிலேர்ந்து கொண்டு வந்த கியோக்கெரெஸை முதல் சீசன்லயே 29 லீக் கோல் அடிக்க வெச்சவர். ஹொய்லுண்டுக்கு வேண்டியது அப்படி ஒரு ஆள்தான்.

"நடுசீசன்ல மூணு பேர் அமைப்பா?"ன்னு கேக்கப் போறீங்க. 2021 ஜனவரி 26ல டூக்கல் செல்சீ வந்தார். மறுநாளே ஆட்டம். மூணு பேர் பின்வரிசைதான். மே 29ல சாம்பியன்ஸ் லீக் கையில.


கலாங் ரோர்
திங்கள், இரவு 11.20

டூக்கல் உதாரணத்தை நீங்களே எடுத்துக் கொடுத்ததுக்கு நன்றி பங்காளி. அந்த செல்சீயில விங்-பேக் யாரு? வலது பக்கம் ரீஸ் ஜேம்ஸ், இடது பக்கம் சில்வெல், அவனுக்கு மாத்து ஆள் அலோன்சோ. அலோன்சோ கோன்டே காலத்துலேர்ந்து அந்த வேலையைச் செஞ்சு பழகினவன். ஆஸ்பிலிகுவேட்டா மூணு பேர்ல வலது பக்கம் ஆடியே பட்டம் ஜெயிச்சவன். டூக்கல் புதுசா எதையும் கட்டல, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து விளக்கு போட்டார்.

நம்ம வீட்டுல என்ன இருக்கு? இடது விங்-பேக் யாருன்னு ஒரே ஒரு பேர் சொல்லுங்க. ஷா காயம். மலாசியா போன சீசன் முழுக்க ஒரு ஆட்டம்கூட ஆடல, இன்னும் வரல. மிச்சம் டாலோ, வலது காலன். வலது காலன் இடது விங்-பேக்கா ஆடினா என்ன ஆகும் தெரியுமா? கோட்டு ஓரம் வரைக்கும் ஓடிட்டு, குறுக்கே விடணும்னா நின்னு வலது காலுக்கு மாத்திக்கணும். அந்த ஒரு நொடியில எதிரணியோட வலது ஃபுல் பேக் வெளிய வரத் தேவையில்ல, உள்ளயே நிப்பான். அவன் உள்ள நின்னா நம்ம இடது பத்தாம் நம்பருக்கு நீங்க சொன்ன சந்து மூடிப் போயிடும். ஒரு ஆள் இல்லாததால அந்தப் பக்கம் முழுக்க அடைச்சுக்கும்.

இன்னொண்ணு. ரேஷ்ஃபர்ட், கர்னாச்சோ, அன்டனி, அமாட். நாலு விங்கர். விங்கரே இல்லாத அமைப்புக்கு நாலு விங்கரை வெச்சுக்கிட்டு என்ன செய்யறது? கர்னாச்சோவும் ரேஷ்ஃபர்ட்டும் கோட்டு ஓரத்துல நின்னு, கோலைப் பார்த்தபடி பந்தை வாங்கி ஓடறவங்க. பத்தாம் நம்பர் இடத்துல கோலுக்கு முதுகு காட்டி, பின்னாடி ஒருத்தன் இடிக்கிறப்ப வாங்கித் திருப்பணும். அது வேற தொழில்.

அடுத்தது நாள் கணக்கு. அவர் நவம்பர் நடுவுல வந்தாருன்னே வைங்க. நவம்பர் 24 இப்ஸ்விச்சிலேர்ந்து டிசம்பர் 30 நியூகாசல் வரைக்கும் 37 நாள்ல 10 ஆட்டம், லீக் 8, யூரோப்பா 2. லீக் கோப்பையில நீடிச்சா இன்னும் கூடும். வியாழன் ஆடிட்டு ஞாயிறு ஆடினா வெள்ளிக்கிழமை உடம்பு தேற்றுறதுக்கு, சனிக்கிழமை நடந்து பார்க்கிற ஒத்திகை. அமைப்பைச் சொல்லித் தர வாரத்துக்கு ஒரு முழு நாள்கூடக் கிடைக்காது.

2016ல கோன்டே செல்சீயை 3-4-3க்கு மாத்தி வரிசையா 13 லீக் ஆட்டம் ஜெயிச்சாரே, அந்த சீசன் செல்சீக்கு ஐரோப்பியப் போட்டியே கிடையாது. முந்தின சீசன் 10வது இடம். வாரம் முழுக்க பயிற்சித் திடல்தான். அதை யாரும் சொல்ல மாட்டாங்க. ரால்ஃப் ரங்னிக் நம்மகிட்டயே 4-2-2-2னு ஆரம்பிச்சு கொஞ்ச நாள்ல கைவிட்டது மறந்து போச்சா?

என் ஓட்டு தாமஸ் ஃபிராங்க். எதிரணியைப் பார்த்து நாலு பேரோ மூணு பேரோ வெச்சு ஆடுவார், ஆளைப் பார்த்துத்தான் அமைப்பு. செப்டம்பர்ல பிரென்ட்ஃபோர்ட் வரிசையா மூணு லீக் ஆட்டத்துல முதல் நிமிஷத்துக்குள்ள கோல் அடிச்சது: சிட்டிகிட்ட 22வது வினாடி, டோட்டன்ஹாம்கிட்ட 23, வெஸ்ட் ஹாம்கிட்ட 37. கிக்-ஆஃப்பையே ஒரு செட்-பீஸ் (கார்னர், ஃப்ரீ கிக்) மாதிரி பயிற்சி பண்றாங்க. 9 ஆட்டத்துல 8 கோல் அடிச்ச டீமுக்கு வேண்டியது இந்தக் கஞ்சத்தனமான புத்திதான். நம்ம ஊர்லயும் பார்த்ததுதானே. 2013ல கோச் சுந்தரம் நம்ம லயன்ஸ் 12 அணியை வெச்சு மலேசிய சூப்பர் லீக்கை ஜெயிச்சப்ப "அழகா ஆடல"ன்னு முணுமுணுத்தவங்கதான் ஜாலான் புசார் ஸ்டேடியத்துல எழுந்து நின்னு கத்தினாங்க.


தெலுக் பிளாங்கா கணக்கர்
செவ்வாய், 29 அக்டோபர், காலை 8.05

ஆட்டத்தைப் பற்றி மேலே இருப்பவர்கள் நன்றாகவே எழுதிவிட்டார்கள். பணத்தை யாரும் தொடவில்லை. புதிய மேனேஜரின் விலை அவருடைய சம்பளத்தோடு முடிவதில்லை.

முதலில் போகிறவருக்குக் கொடுக்க வேண்டியது. மொரின்யோவையும் அவருடைய உதவியாளர்களையும் 2018 டிசம்பரில் அனுப்பியதற்கு 19.6 மில்லியன் பவுண்ட் செலவானது. டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை ஜூலையில்தான் நீட்டினார்கள், எனவே இதுவும் சில்லறையாக இருக்காது. அடுத்து வருகிறவரை விடுவிக்கும் தொகை. அமொரிமுக்கு 10 மில்லியன் யூரோ என்று பேசப்படுகிறது, அறிவிப்புக் காலம் 30 நாள். முன்னதாக வேண்டுமென்றால் மேலே போட்டுக் கொடுக்க வேண்டும். ஃபிராங்குக்கும் பிரென்ட்ஃபோர்டிடம் பேரம் பேசியாக வேண்டும். ஷாவி, சவுத்கேட், பாட்டர் மூவரும் வேலை இல்லாமல் இருக்கிறார்கள், விடுவிப்புத் தொகை கிடையாது. அவர்கள் பெயர் பத்திரிகையில் அடிபடுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

பெரிய செலவு ஆட்டக்காரர்களில் இருக்கிறது. பிரிமியர் லீக்கின் நட்டக் கட்டுப்பாட்டு விதிப்படி (பிஎஸ்ஆர்) மூன்று ஆண்டுக்குச் சேர்த்து 105 மில்லியன் பவுண்ட் நட்டம்தான் அனுமதி (அகாடமி, மகளிர் அணி, கட்டடச் செலவுகளைக் கழித்துவிட்டு). மேன்யூவின் 2023-24 நட்டம் மட்டும் 113.2 மில்லியன். வாங்கும் விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுகிறார்கள், அதிகபட்சம் 5 ஆண்டு. 40 மில்லியனுக்கு ஓர் இடது விங்-பேக் வாங்கினால் ஆண்டுக்கு 8 மில்லியன் ஏறும். அது சமாளிக்கக்கூடியதுதான். பொருந்தாதவர்களை விற்கும்போதுதான் இடிக்கும்.

அன்டனியை எடுத்துக்கொள்ளுங்கள். 95 மில்லியன் யூரோ, 5 ஆண்டு, ஆண்டுக்கு 19. இரண்டு ஆண்டு கழிந்த பிறகும் ஏட்டில் 57 மில்லியன் மதிப்பு நிற்கிறது. 25க்கு விற்றால் 32 மில்லியன் நட்டம் அந்த ஆண்டுக் கணக்கிலேயே மொத்தமாக விழும். மாறாக, அகாடமியில் வளர்ந்தவர்களின் ஏட்டு மதிப்பு ஏறக்குறைய சுழியம். ஆகஸ்டில் மெக்டாமினேயை நாப்போலிக்கு விற்றதில் வந்த பணம் கிட்டத்தட்ட முழுக்க லாபம். ஆகவே 3-4-3 மேனேஜர் வந்து "எனக்கு விங்கர் வேண்டாம்" என்றால், விற்கச் சுலபமானவர் அன்டனி அல்ல, ரேஷ்ஃபர்ட்டும் கர்னாச்சோவும்தான். அமைப்பை மாற்றுவது என்றால் அகாடமிப் பிள்ளைகளை விற்பது என்று படித்துக்கொள்ளுங்கள். இதற்குச் சம்மதமா என்று சொல்லிவிட்டுப் பெயரை முன்மொழியுங்கள்.


சோவா சூ காங் விங்கர்
செவ்வாய், மதியம் 12.40

மத்த பேருங்களை வேகமா முடிச்சுடலாம்.

சவுத்கேட்: கடைசியா கிளப் நடத்தினது 2009, மிடில்ஸ்பரோ. ரெண்டு யூரோ இறுதி ஆட்டம் போனது பெரிய விஷயம்தான், ஆனா மாசத்துக்கு ஒரு தடவை ஆளைக் கூப்பிட்டு ஆடறதும் மூணு நாளைக்கு ஒரு ஆட்டம் ஆடறதும் ஒண்ணில்ல. அடுத்து.

ஷாவி: 2022-23 ஸ்பானிய லீக் ஜெயிச்சார். பந்தைப் பிடிச்சு வெச்சு ஆடணும்னா மிட்ஃபீல்டுல திரும்பத் தெரிஞ்ச மூணு பேரு வேணும். நம்மகிட்ட மைனூ ஒருத்தன், அவனும் இப்ப காயம். அடுத்து.

பாட்டர்: பிரைட்டன்ல மூணு பேர், நாலு பேர் ரெண்டும் ஆடினவர். செல்சீயில ஏழு மாசத்துல சுருண்டார். நல்ல கோச், ஆனா ஓல்டு டிராஃபர்டுல ரெண்டு டிரா ஆனா கூட்டம் அவரைத் தின்னுடும்.

மெக்கென்னா: நம்ம பயிற்சித் திடல்லயே இருந்தவர், இப்ஸ்விச்சை அடுத்தடுத்து ரெண்டு வருஷம் மேல ஏத்தினவர். எனக்குப் பிடிச்ச பேரு. ஆனா பிரிமியர் லீக்குக்கு வந்த முதல் சீசன்ல நடுவுல விட்டுட்டு வர மாட்டார்.

ரூட்: இதுலதான் எல்லாரும் மயங்கப் போறீங்க. வியாழன் காலை லெஸ்டரை ரெண்டு மூணு கோல்ல ஜெயிச்சா "அவரையே வெச்சுக்கலாம்"னு ஆரம்பிச்சுடுவீங்க. சோல்ஷர் கதையை நினைச்சுக்கோங்க. 2018 டிசம்பர்ல வந்தார், முதல் 8 ஆட்டமும் வெற்றி, பாரிஸ்ல போய் 3-1. மார்ச் 28ல நிரந்தரமாக்கினாங்க. அப்புறம் சீசன் முடியற வரைக்கும் 10 ஆட்டத்துல 2 வெற்றி. பழைய மேனேஜர் போனதும் ஆளுங்க காலுல ஒரு மாசத்துக்கு எண்ணெய் இருக்கும். அதை வெச்சு மூணு வருஷ ஒப்பந்தம் எழுதக் கூடாது.

என் ஓட்டு இன்னும் முடிவாகல. பேக்-த்ரீ தம்பி, இடது விங்-பேக் கேள்விக்குப் பதில் சொல்லாம ஒளிஞ்சுக்கிட்டா எப்படி?


பிடோக் பேக்-த்ரீ
செவ்வாய், இரவு 7.55

ஒளியல அண்ணே, வேலைக்குப் போக வேண்டாமா!

முதல்ல வலது பக்கத்தைப் பாருங்க. ஸ்போர்ட்டிங்ல வலது விங்-பேக்கா ஆடற குவெண்டா 17 வயசுப் பையன், விங்கர், இடது காலன். அதுக்கு முன்னாடி அங்க ஆடின காட்டாமோவும் இடது காலன். ஆக, எதிர்க்கால் ஆளை விங்-பேக்கா வைக்கிறது அமொரிமுக்குப் புதுசில்ல. நம்ம அமாட் அப்படியே அந்த அச்சு: விங்கர், இடது காலன், வலது பக்கம். நீங்க "விங்கருக்கு வேலையில்ல"ன்னு சொன்ன நாலு பேர்ல ஒருத்தனுக்கு வேலை கிடைச்சாச்சு. பின்னாடி வலது சென்டர் பேக்கா மஸ்ரோவி நின்னா அமாட் ஏறிப் போகும்போது அந்த இடத்தை மூட வேகம் இருக்கு. யோரோ பாதம் குணமாகி வந்ததும் அந்த இடம் அவனுக்கு.

இடது பக்கம் டாலோதான். குறை இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா அவன் உள்ள வந்து மூணாவது மிட்ஃபீல்டரா நின்னா, பத்தாம் நம்பர் கோட்டு ஓரம் போகலாம். கர்னாச்சோவுக்கோ ரேஷ்ஃபர்ட்டுக்கோ பிடிச்ச இடம் அதுதானே. ஒரு பக்கம் விங்-பேக் வெளிய, பத்தாம் நம்பர் உள்ள. மறுபக்கம் தலைகீழ்.

ஓனானா, மஸ்ரோவி, டி லிக்ட், மார்ட்டினெஸ், அமாட், உகார்த்தே, மைனூ (தேறும் வரைக்கும் எரிக்சன் இல்ல கசேமிரோ), டாலோ, ப்ரூனோ, கர்னாச்சோ, ஹொய்லுண்ட். போட்டாச்சு.

நாள் கணக்குக்கும் ஒரு பதில். 2015 அக்டோபர்ல கிளாப் லிவர்பூல் வந்தார், அந்த சீசன் 8வது இடம். 2019 டிசம்பர்ல ஆர்ட்டெட்டா ஆர்சனல் வந்தார், அவரும் 8வது. யாரும் அனுப்பல. இந்த சீசன் 14லேர்ந்து 8க்கு வந்தாலே போதும்னு நினைச்சு எடுக்கணும். கோடை வரைக்கும் காத்திருந்தா வேற பெரிய கிளப் அவரைத் தூக்கிட்டுப் போயிடும், அப்புறம் நாம இதே இழையை மே மாசம் திறப்போம்.


செங்காங் ஸ்வீப்பர்
செவ்வாய், இரவு 9.30

அமாட் யோசனை நல்லா இருக்கு, அதை எடுத்துக்கிறேன். ஆனா ரெண்டு இடத்துல உடையும்.

ஒண்ணு, ஸ்போர்ட்டிங்ல வலது பக்கம் எதிர்க்கால் ஆள் இருக்கிறது சரியா வர்றதுக்குக் காரணமே இடது பக்கம் நூனோ சாண்டோஸ் மாதிரி சுத்த இடது காலன் இருக்கிறது. ஒருத்தன் உள்ள வெட்டினா மறுபக்கம் ஒருத்தன் வெளியிலேர்ந்து குறுக்கே விடணும். ரெண்டு பக்கமும் உள்ளயே வந்தா எதிரணி நடுவுல ஒன்பது பேரைக் குவிச்சுட்டு வேடிக்கை பார்க்கும். ஹொய்லுண்டுக்கு இப்பவே பந்து வரல.

ரெண்டாவது, அழுத்தம் கொடுக்கும்போது. இந்த அமைப்புல எதிரணி ஃபுல் பேக் மேல பாய வேண்டியது விங்-பேக். டாலோ இடது ஓரத்துல 40 மீட்டர் மேல ஏறிப் பாயணும், அவன் விட்ட இடத்தை மார்ட்டினெஸ் மூட வெளிய வரணும், மார்ட்டினெஸ் விட்ட இடத்துக்கு டி லிக்ட் நகரணும். சங்கிலி மாதிரி. ஒருத்தன் அரை நொடி பிந்தினா பந்து விங்-பேக் முதுகுக்குப் பின்னாடி விழும், அப்போ மார்ட்டினெஸ் கோட்டு ஓரத்துல வேகமான விங்கர்கூட ஓட்டப் பந்தயம் ஓடணும். அவன்கிட்ட அந்த வேகம் இல்ல. இந்த அரை நொடியைச் சரி பண்றதுதான் பயிற்சி, அதுக்குத்தான் நாள் இல்லைங்கிறார் கலாங்.

அதுக்காக அமொரிம் வேண்டாம்னு சொல்ல வரல. வந்தா டிசம்பர் வரைக்கும் பாயாம, 5-4-1ல இறங்கி நின்னு ஆடட்டும். அசிங்கமா இருக்கும். ஆனா அந்த வான் டி வென் ஓட்டம் நடக்காது. ஜனவரியில இடது காலன் ஒருத்தனை வாங்கிட்டு அப்புறம் மேல ஏத்தட்டும்.


கலாங் ரோர்
புதன், 30 அக்டோபர், காலை 7.20

ஸ்போர்ட்டிங் பங்குச்சந்தைக்கு அறிக்கையே கொடுத்துட்டாங்க. 10 மில்லியன் யூரோவைக் கட்டத் தயார்னு மேன்யூ சொல்லியிருக்காம். என் ஃபிராங்க் கதை முடிஞ்சது, சரி.

இனி பார்க்க வேண்டியது எப்ப வருவாருங்கிறது. நவம்பர் 5ல அவங்களுக்கு லிஸ்பன்ல சிட்டியோட சாம்பியன்ஸ் லீக் ஆட்டம், அதுக்கு முன்னாடி விடுவாங்கன்னு எனக்குத் தோணல. பிரெக்சிட்டுக்குப் பிறகு ஐரோப்பியக் கோச்சுக்கும் வேலை அனுமதி எடுக்கணும், அது ஒரு நாள்ல வர்றதில்ல. நாட்டு அணிகளுக்கான இடைவேளையில வந்தா திடல்ல இருக்கப் போறது காயக்காரங்களும் அகாடமிப் பசங்களும்தான், மத்தவங்க எல்லாம் நாட்டுக்கு ஆடப் போயிருப்பாங்க. முதல் ஆட்டம் இப்ஸ்விச், மெக்கென்னாகிட்ட. யாருக்கு எந்த அமைப்பு எவ்வளவு நாள்ல பழகும்னு பார்க்க அதைவிட நல்ல ஆட்டம் கிடையாது.

பேக்-த்ரீ, உங்க ஆள் வர்றார். ஆனா 3-4-3ஐ எதுக்காகவும் மாத்த மாட்டேன்னு பிடிவாதம் பிடிக்கிற ஆள்னு போர்ச்சுகல் பக்கம் பேர் இருக்கே, அதுக்கு என்ன சொல்றீங்க?


பிடோக் பேக்-த்ரீ
புதன், காலை 7.41

மாத்தக் கூடாதுங்கிறேன். பத்து வருஷமா மாத்தி மாத்தித்தான் இந்த நிலைமை.


தெலுக் பிளாங்கா கணக்கர்
புதன், காலை 8.15

பிடிவாதத்துக்கும் ஒரு விலை உண்டு, அது ஜனவரியில் தெரியும். ரேஷ்ஃபர்ட்டுக்கு யார் எவ்வளவு கேட்கிறார்கள் என்று அப்போது பாருங்கள்.


ஈசூன் 442
புதன், இரவு 10.20

கேள்வி கேட்டவன் முறையில ஒரு ஓட்டு: அமொரிம், ஆனா செங்காங் அண்ணன் சொன்ன மாதிரி டிசம்பர் வரைக்கும் இறங்கி ஆடணும்ங்கிற நிபந்தனையோட. இடது விங்-பேக் கட்டத்துல "டாலோ (தற்காலிகம்)"னு எழுதி வெச்சிருக்கேன்.

இப்போதைக்கு இழையைப் பூட்டல. காலையில 3.45க்கு ரூட் நாலு பேர் வெக்கிறாரான்னு பார்த்துட்டு வர்றேன். எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்து. எண்ணெய்க் கையோட ரிமோட்டைத் தொடாதீங்க.